எல்லை தாண்டாத காப்பு

தொண்ணூறடி ரோட்டு முனையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் டாக்ஸியிலிருந்து பாகீரதி இறங்கினாள். இந்தப் பக்கம் பேச்சிராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவே ஒரு வடாபாவ் வண்டி, அவ்வளவுதான் தூரம்.

"ஏண்டா பேச்சி, பையை வாங்கிக்கக்கூட வரமாட்டியா?"

"வரமாட்டேன் மாமி. காப்பு கட்டியிருக்கேன்லா? தோரணத்தைத் தாண்டுனா அம்மன் கண்ணைக் குத்திருவா. நீங்க தூக்கிப் போடுங்க, பிடிச்சிக்கிடுதேன்."

"உள்ளே லேப்டாப் இருக்குடா!"

"அப்ப மெதுவா போடுங்க."

பாகீரதி பையைப் போடவில்லை. பார்வையைத்தான் போட்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கள்ள க்ளெய்ம்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள் அவள். ரிட்டையரான கையோடு மாட்டுங்காவில், ஒரு காப்பித்தூள் கடை மாடியில், 'பாகீரதி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டாள். அந்த நிலையத்தின் ஒரே உதவியாளன் பேச்சிராஜா. தாராவிக்காரன். வாய் கொஞ்சம் நீளம். கால் அதைவிட வேகம். ஆனால் போன செவ்வாய்க்கிழமை முப்பிடாதியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து அந்தக் கால் ஊர் எல்லைக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருந்தது. மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துப் பூசாரி கையில் கட்டிவிட்டால், கொடை முடிந்து அவரே அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. அதனால் இந்த ஒரு வாரமாக முதலாளியம்மா வேலைக்காரனைத் தேடி வர வேண்டியதாயிற்று.

"காலம்பறவே வார்டு ஆபீஸுக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றாள் பாகீரதி, தோரணத்தைக் குனிந்து கடந்தபடி. "அந்தக் கைதூக்கற படத்தை நேத்திக்கு யாரோ நேரில வந்து கொடுத்திருக்கான். தொப்பி, மாஸ்க். தமிழ் ஆள்தான்னு க்ளார்க் சொல்றா. இன்னும் ஒரு விஷயம் சொன்னா. அது எனக்கே புரியலை. புரிஞ்சப்புறம் சொல்றேன்."

"புரியாததைத்தானே மாமி எனக்கு முதல்ல சொல்லுவீங்க!"

"இந்தத் தடவை வேண்டாம். உன் மூஞ்சி எதையும் மறைக்காது. நீ தெரிஞ்சுண்டா ஊரே தெரிஞ்சுக்கும்."

பேச்சிராஜாவுக்குச் சுருக்கென்றது. பையை வாங்கித் தோளில் மாட்டிக் கொண்டான். அவனுக்கும் காலையிலிருந்து மனசு சரியில்லை. விஷயம் அப்படி.

'தாராவித் தகவல்' என்று செல்போனில் ஒரு செய்திச் சேனல் இருக்கிறது. எந்தச் சந்தில் குழாயில் தண்ணீர் வராது, முளைப்பாரி எத்தனை மணிக்குக் கிளம்பும், யார் மகள் பத்தாவதில் முதலில் வந்தாள் என்பதெல்லாம் அதில்தான் வரும். நேற்று ராத்திரி அதில் ஒரு செய்தி: 'பொது ஹாலை இடிக்க மக்கள் ஒருமனதாகச் சம்மதம். போன மாதம் முதல் ஞாயிறன்று நடந்த கூட்டத்தில் கைதூக்கி ஆதரவு.' கீழே, வார்டு ஆபீஸுக்குப் போன அந்தப் படம். படம் நிறையக் கைகள். முன்வரிசையில், எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியபடி சண்முகவடிவு.

அந்த ஹாலில் பால்வாடி நடத்துகிற சண்முகவடிவு!

ஹாலை இடித்து அங்கே வண்டி நிறுத்தும் டவர் கட்ட ஒரு பில்டர் அலைகிறான் என்பது ஊருக்கே தெரியும். வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் இந்தச் சண்முகவடிவுதான். அவளே கைதூக்கி நிற்கிறாள் என்றால்? ராத்திரியோடு ராத்திரியாக ஊர் முடிவு கட்டிவிட்டது. வடிவு விலைபோய்விட்டாள். இன்று நான்கு மணிக்கு வார்டு அதிகாரி ஹாலைப் பார்க்க வருகிறாள். பார்த்துவிட்டு அவள் எழுதுவதுதான் கடைசி.

ஹாலுக்குள் நுழைந்தபோது சண்முகவடிவு பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். பிள்ளைகள் ஒருவரும் இல்லை.

"இன்னிக்கு யாருமே பிள்ளையைக் கொண்டாந்து விடல மாமி" என்றாள். "வேலைக்குப் போற பொம்பளைகள்லாம் லீவு போட்டுட்டு வீட்ல இருக்காளுவ. எங்கிட்ட விட மாட்டாளுவளாம். சாயங்காலம் நீ முளைப்பாரி எடுக்கக் கூடாதுன்னு முகத்துக்கு நேர சொல்லிட்டாளுவ. இருபது வருசமா இவளுவ பிள்ளைகளுக்கு மூக்குத் தொடச்சி விட்டவ நானு. ஹால் போனாகூட வேற இடம் பாத்துக்கிடலாம். வித்துட்டான்னு பேரு வந்துட்டுன்னா, அந்தப் பேரோட நான் இந்தச் சந்துல எப்படி நடப்பேன்?"

"அந்தக் கூட்டத்துக்கு நீங்க போனேளா?"

"கூட்டமே நடக்கலங்கேன்! போன மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நான் சீத்தா கேம்ப்ல என் தங்கச்சி வீட்ல கெடந்தேன்."

"தங்கச்சி சொல்றதை ஊர் நம்புமோ?"

"என்னையே நம்பலியே. அவளையா நம்பப் போறாவ?"

பாகீரதி செல்போனில் படத்தைப் பெரிதாக்கினாள். கூடவே மூக்குக் கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றிக் கொண்டாள். அது நல்ல சகுனம். பேச்சிராஜா எட்டிப் பார்த்தான். முகம், முகம், கை, கை.

"பேச்சி, என்ன தெரியறது?"

"நம்ம ஊர்ல நகம் வெட்டுறவன் யாருமில்லன்னு தெரியுது."

"நகத்துலேருந்து கொஞ்சம் கீழே இறங்குடா."

இறங்கினான். பெண்களின் இடது மணிக்கட்டில், ஆண்களின் வலது மணிக்கட்டில், மஞ்சள் மஞ்சளாக நூல்.

"எம்மா! காப்பு!"

"போன மாசமே உங்க ஊர்ல காப்பு கட்டிட்டாளா?"

"போன செவ்வாய்தானே கட்டுனோம்!" பேச்சிராஜா துள்ளினான். "மாமி, இது அன்னதானத்துல எடுத்த படம். முந்தாநாள் ஞாயித்துக்கிழமை!"

சண்முகவடிவு சுருட்டிய பாயைக் கீழே போட்டாள். "ஆமா... ஆமாய்யா! பந்தி முடியிற நேரம், 'சாப்பாடு கிடைக்காதவங்க கை தூக்குங்க'ன்னு மைக்குல கேட்டாவ. நான்தான் எழும்பி நின்னு தூக்குனேன். எனக்கில்ல, நம்ம பால்வாடிப் பிள்ளைகளுக்கு வேணும்னு தூக்குனேன்!"

சோறு கேட்ட கையை எடுத்து ஹாலை இடிக்கச் சொன்ன கையாக்கிவிட்டார்கள். பேச்சிராஜா படத்தை மறுபடி பார்த்தான். அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரத்தில் அவன் கையும் இருந்தது. அவன் கேட்டது அப்பளம்.

"மைக்குல கேட்டது யாரு?" என்றாள் பாகீரதி.

"கோயில் கமிட்டி செக்ரட்டரி ராஜகுமார் அண்ணாச்சி" என்றாள் சண்முகவடிவு.

"படம் எடுத்தது?"

"மன்சூர் அலி பாய்" என்றான் பேச்சிராஜா. "கொடைக்கு அவருதான் போட்டோ. வாங்க மாமி, பாயைப் பிடிப்போம்."

அவர்களுக்கு முன்பே வேறு சிலர் பிடித்திருந்தார்கள். மன்சூர் அலியின் ஸ்டூடியோ வாசலில் ஒரு கும்பல். 'நீதான் வித்திருக்க' என்று ஒருவன், 'பில்டர்கிட்ட என்ன வாங்குன' என்று இன்னொருவன். படம் எடுத்தது யார் என்ற செய்தி காற்றில் பறந்துவிட்டது. பேச்சிராஜா கும்பலைப் பிளந்து உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"என்ன லஃப்டா, என்ன வம்பு இது பேச்சி?" மன்சூர் அலி மீதி ஷட்டரையும் இறக்கினார். "எங்க வாப்பா காலத்துல இருந்து இந்தக் கொடைக்கு நாங்கதான் படம் எடுக்கோம். நான் போய் அம்மன் கோயில் படத்தை விப்பனா?"

"படம் வேற யார்கிட்ட இருக்கு?" என்றாள் பாகீரதி.

"எல்லாத்தையும் கமிட்டி குரூப்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலமே போட்டுட்டேன். இந்தா பாருங்க முழுப் படம்."

முழுப் படத்தில் மேலே 'மாபெரும் அன்னதானம்' பேனர், பக்கத்தில் வாழையிலைக் கட்டு, சாம்பார் அண்டா. வார்டு ஆபீஸுக்குப் போன படத்தில் அத்தனையும் வெட்டுப்பட்டிருந்தன. கைகளை வெட்டினால் கதையே இல்லை. அதனால் காப்பு தப்பித்துக் கொண்டது.

"நேத்திக்குப் பகல்ல எங்கே இருந்தேள்?"

"கோயில் முத்தத்துல. கும்மி ஒத்திகையை வீடியோ எடுத்தேன். உங்க பேச்சி கும்மிப் பொண்ணுங்களுக்கு நடுவுல போய் நின்னு அடி வாங்குனது வரைக்கும் அதுல இருக்கு. காட்டட்டா?"

"அது கேஸுக்குச் சம்பந்தமில்ல பாய்" என்றான் பேச்சிராஜா அவசரமாக.

வெளியே வந்ததும் அவனுக்குத் தலை சுற்றியது. "மாமி, இது உருப்படாத கேஸ். பாய் போகல. படம் கமிட்டிக்காரங்க கையில மட்டும்தான் இருந்துச்சு. கமிட்டியில அத்தனை பேரும் காப்பு கட்டியிருக்காவ. ஒருத்தனும் எல்லை தாண்ட மாட்டான். ஏமாத்துறவன் இருப்பான், குடிக்கிறவன் இருப்பான். காப்போட தோரணத்தைத் தாண்டுறவன் எங்க ஊர்ல கிடையாது. பின்ன வார்டு ஆபீஸுக்குப் படம் நடந்தா போச்சு?"

பாகீரதி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சிராஜா டீயை வாங்கி வைத்துவிட்டு மணிக்கட்டைச் சொறிந்தான். ஒரு வாரம் குளித்து, சாம்பார் வாளி தூக்கி, வியர்த்து, அவன் காப்பு அழுக்குக் கயிறாகியிருந்தது. மஞ்சள் துண்டு காய்ந்து சுருங்கிவிட்டது.

"அரிக்கிறதா?"

"புழுங்குது மாமி."

"அதைக் கொஞ்சம் மேலே தள்ளு."

தள்ளினான். பாகீரதி அவன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"ஆயுள் ரேகை உள்ளங்கையில இருக்கு மாமி."

அவள் சிரிக்கவில்லை. "ஓ!" என்றாள். அப்புறம் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பாகீரதி மாமி டீ குடிக்க மாட்டாள், காப்பிதான். அவளுக்கு எதுவோ பிடிபட்டுவிட்டது என்று பேச்சிராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை.

"எனக்கும் சொல்லுங்க மாமி."

"நாலு மணிக்கு."

அதற்குமேல் அவனுக்குள் ஒரு சந்தேகம் குடையத் தொடங்கியது. எதிரே வருகிற ஒவ்வொரு ஆளின் கையையும் பார்த்தான். பால்காரர் கை. கொட்டுக்காரர் கை. நேற்றுவரை மாமா, அண்ணாச்சி என்று கூப்பிட்ட அத்தனை பேரும் இன்று அவனுக்குத் திருடர்களாகத் தெரிந்தார்கள். அவர்களும் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மாட்டுங்கா மாமிக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறானோ என்ற பார்வை.

கோயில் பந்தலில் ராஜகுமார் பானகம் ஊற்றிக் கொடுத்துக் கொண்டிருந்தார். கமிட்டி செக்ரட்டரி. பேச்சிராஜாவின் தங்கச்சி கல்யாணத்தில் பந்தலிலிருந்து பந்தி வரை நின்று முடித்துக் கொடுத்த மனுஷன். ஊரில் அவன் யாரை நம்பாவிட்டாலும் இவரை நம்பலாம்.

"வா மருமவனே. மாமி, குடிங்க. வெயிலுக்கு நல்லது." ராஜகுமார் குரலைத் தாழ்த்தினார். "வடிவு பாவம். அவ அப்படிச் செய்ய மாட்டா. நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. காப்பு கட்டாம, படமும் கையில வச்சிருந்தவன் ஒருத்தன்தானே இருக்கான்?"

"மன்சூர் அலியோ?"

"நான் பேரு சொல்லல."

சொல்லாமலேயே சொல்லிவிட்டார். பாகீரதி பானகத்தைக் குடித்தாள். அவள் கண் தம்ளரில் இல்லை என்பதைப் பேச்சிராஜா கவனித்தான். எங்கே பார்க்கிறாள் என்று தேடினான். ராஜகுமாரின் கை. சட்டென்று அவனுக்குக் கோபம் வந்தது. மாமாவையா? மாமி இப்படி எல்லாரையும் கள்ள க்ளெய்மாகவே பார்த்துப் பழகிவிட்டாள்!

நான்கு மணிக்கு வார்டு அதிகாரி சாவந்த் மேடம் வந்து இறங்கினாள். ஹாலில் கூட்டம் பிதுங்கியது. சண்முகவடிவு முன்வரிசை ஓரமாகத் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு மற்ற பெண்கள் நின்றார்கள்.

பாகீரதி இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். முழுப் படத்தைக் காட்டினாள். காப்பைக் காட்டினாள். சாவந்த் மேடம் உதட்டைப் பிதுக்கினாள். "கூட்டம் நடந்த தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டோம், முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டோம் என்று நாளைக்கு ஒருத்தர் சொன்னால்? கொண்டு வந்து கொடுத்தது யார், என்ன கேட்டுக் கைதூக்க வைத்தார், அது தெரியாமல் நான் எதையும் ஒதுக்க முடியாது."

"யாருன்னு என்ன கேள்வி மேடம், பாயைக் கேளுங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல். "ஆமா!" என்று பல குரல்கள். மன்சூர் அலி சுவரோடு ஒட்டிக் கொண்டார்.

அப்போது ராஜகுமார் முன்னால் வந்தார்.

"எதுக்கு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படணும்? சூடத்தைக் கொளுத்துங்க. கமிட்டியில முதல் ஆளா நான் சத்தியம் பண்ணுதேன்."

தட்டில் சூடம் எரிந்தது. ராஜகுமார் நெருப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "முப்பிடாதி அம்மா மேல ஆணையா, காப்பு கட்டுன கையோட நான் எல்லை தாண்டல."

சூடத்தை அடித்து அணைத்தார். கூட்டம் மூச்சு விட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். பேச்சிராஜாவுக்கு அவமானமாக இருந்தது. அம்மன் பெயரில் பொய்ச் சத்தியம் செய்கிற ஆளா மாமா? "போதும் மாமி, வாங்க போவோம்" என்றான்.

"ரொம்ப அழகா சொன்னேள்" என்றாள் பாகீரதி ராஜகுமாரிடம். "நிஜத்தைத்தான் சொன்னேள், நான் நம்பறேன். பேச்சி, இன்னொரு சூடம் எடு."

"இன்னொண்ணு எதுக்கு?" என்றார் ராஜகுமார்.

"இப்போ இதைச் சொல்லுங்கோ. 'பூசாரி கட்டின காப்பை நான் அறுக்கவே இல்லை.' அவ்வளவுதான். சொல்லிட்டா நான் மாட்டுங்காவுக்கு நடந்தே போறேன்."

பேச்சிராஜா சூடத்தைக் கொளுத்தினான். தீ எரிந்தது. ராஜகுமாரின் கை மேலே வந்தது. பாதியில் நின்றது.

அப்போதுதான் பேச்சிராஜா அதைப் பார்த்தான். தட்டைப் பிடித்திருந்த தன் கையில் சாம்பார் நிறத்தில் ஒரு கயிறு. எதிரே இருந்த கையில் பளிச்சென்று மஞ்சள் நூல், கொழுகொழுவென்று மஞ்சள் துண்டு. அந்தக் கையும் ஒரு வாரமாகச் சாம்பார் வாளி தூக்கிய கைதான்!

"சொல்லுங்க மாமா" என்றான். "சொல்லிருங்க மாமா."

ராஜகுமார் சொல்லவில்லை. சூடம் தானாக எரிந்து அடங்கியது.

"க்ளார்க் எங்கிட்ட ஒண்ணு சொன்னா" என்றாள் பாகீரதி, எல்லாருக்கும் கேட்கும்படி. "படத்தைக் கொடுத்தவன் மணிக்கட்டைச் சுத்தி வளையல் மாதிரி மஞ்சள் கறையாம். ஏதாவது தோல் வியாதியோன்னு பயந்துட்டாளாம். இன்னிக்கு மத்தியானம் பேச்சி காப்பைத் தள்ளிக் காட்டினான். அடியில அதே கறை. கறை இருக்கு, நூல் இல்லைன்னா? அறுத்துட்டு வந்திருக்கான். திரும்பி வந்து புதுசு கட்டிண்டிருக்கான். இந்த ஊர்ல யார் கையில புதுசு இருக்குன்னு பார்த்தா போதும், இல்லையா?"

"பாவி!" என்றது ஒரு பெண் குரல். "அறுத்த காப்பை எங்கவே போட்டீரு?"

ராஜகுமார் தலை தொங்கிவிட்டது. "தோரணத்துக்கிட்ட வேப்ப மரத்துல கட்டிட்டுப் போனேன். காப்போட தாண்டுனா அம்மன் சும்மா விடுவாளா?" என்றார். "ரோட்டு மேல ஒரு கடை தாறேன்னு பில்டர் சொன்னான். பிள்ளைக்கு ஆவும்னு பாத்தேன்."

பேச்சிராஜாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காப்போடு போயிருந்தால், மஞ்சள் நூல் கட்டியவன் என்று மட்டும்தான் க்ளார்க் சொல்லியிருப்பாள்; இந்த ஊரில் அது கட்டாத கை ஏது? ஒருத்தரையும் பிடித்திருக்க முடியாது. மனுஷனுக்கு அம்மனிடம் அவ்வளவு பயம். இத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் பயமே இல்லை.

"அப்பளம் கேட்ட கை மாமா என்னுது" என்றான். முகத்தைத் திருப்பிக் கொண்டான்.

ஒரு பெரியவர் மன்சூர் அலியின் தோளில் கையை வைத்தார். மன்சூர் அலி அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார். பெண்கள் மெல்லச் சண்முகவடிவைச் சுற்றி நெருங்கினார்கள். காலையில் முளைப்பாரி எடுக்கக் கூடாது என்று சொன்னவள்தான் முதலில் அவள் கையைப் பிடித்தாள். சண்முகவடிவு கையை உருவிக் கொள்ளவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

சாவந்த் மேடம் தொண்டையைச் செருமினாள். "சரி. அந்தப் படத்தை நான் ஒதுக்கிவிடுகிறேன். எல்லாரும் இங்கேதானே இருக்கிறீர்கள், இப்போதே கேட்கிறேன். ஹால் இருக்க வேண்டும் என்பவர்கள் கைதூக்குங்கள்."

பேச்சிராஜா அதைத் தமிழில் கத்தினான். படபடவென்று கைகள் எழுந்தன. ஹால் முழுக்கக் கைகள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள்கூட மறுகையைத் தூக்கினாள். முன்வரிசையில் ஒரே ஒரு கை மட்டும் எழும்பவில்லை.

சாவந்த் மேடம் புருவத்தைச் சுருக்கினாள். "பால்வாடி நடத்துவது நீதானே? உனக்கு ஹால் வேண்டாமா?"

"வேணும்" என்றாள் சண்முகவடிவு. கைகளை மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "ஆனா இனிமே எந்தக் கூட்டத்துலயும் நான் கை தூக்க மாட்டேன் மேடம். எனக்கு என்ன வேணும்னு வாயால சொல்லுதேன். என் பேரு போட்டு, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். பேச்சிராஜா ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னான். தூக்கிய கைகளை எப்போது இறக்குவது என்று தெரியாமல் ஊர் அப்படியே நின்று கேட்டது.